குடை மடக்கும் சந்தையைச் செய்து பார்த்தோம்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



மேஜை மேல ஒரு பலகை இருக்கே, காலையில இருந்து எல்லாரும் அதைச் சுத்திச் சுத்தி வந்து பார்த்தீங்க. "என்ன மேடம், இப்பவே கொலு வச்சிட்டீங்களா?" என்று ஒரு அக்கா கேட்டார்கள். பார்க்க கொலு மாதிரிதான் இருக்கு. ஒரு தண்டவாளம், ஒரு ரயில், ரெண்டு பக்கமும் காய்கறிக் கடை, மீன் கடை, மேலே துணிப் பந்தல். இது தாய்லாந்து நாட்டில் இருக்கும் ஒரு சந்தையின் சின்ன உருவம். நம்ம மூன்று குழுக்களைச் சேர்ந்த ஒன்பது பேரும் களப்பணியாளர்கள் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். ஐந்து சனிக்கிழமை மதியம் ஆனது.

மகளிர் குழுவுக்கும் தாய்லாந்து ரயிலுக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்கிறீங்க. அதைத்தான் இன்னைக்குப் பேச வந்தோம்.

எதற்காகத் தொடங்கினோம்

நம் உறுப்பினர்கள் நிறைய பேர் டவுனில் பஸ் நிலைய ரோட்டில் கடை போடுகிறார்கள். பூ, கீரை, மீன், வேர்க்கடலை இப்படி. அதில் மீன் விற்கும் அக்கா ஒருவர் பதினாலு வருஷமாக அங்கே உட்காருகிறார். அதற்குள் மூன்று முறை இடம் மாற்றிவிட்டார்கள். போன வருஷம் தெருக்கடைக் கணக்கெடுக்க வந்தவர் அவரிடம் கேட்டார்: "உங்க கடைக்கு எவ்வளவு இடம் வேணும்மா?"

அக்கா சொன்ன பதில்: "ஒரு ஓரமா இருந்தா போதும் சார்."

வந்தவர் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். நாங்கள் பக்கத்தில்தான் நின்றோம். எங்களுக்கும் சட்டென்று ஒரு அளவு சொல்ல வாய் வரவில்லை. ஓரம் என்பதை எந்தப் பாரத்தில் எழுத முடியும்? ஓரத்துக்கு எத்தனை அடி? வீட்டுக்கு வந்த பிறகும் அது மனசை அறுத்துக்கொண்டே இருந்தது.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினரின் மகள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். சந்தை நடுவில் ரயில் வருகிறது. கடைக்காரர்கள் பந்தலை மடக்குகிறார்கள், கூடையை இழுக்கிறார்கள், ரயில் போகிறது, மறுபடி விரிக்கிறார்கள். எல்லோரும் சிரித்துச் சிரித்து நாலு தடவை பார்த்தார்கள். மீன் அக்கா மட்டும் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு ஒட்டிப் போகுதே, ஒரு கூடைகூட சாயலையே, எப்படி?"

கரும்பலகையில் படம் போட்டு விளக்கப் பார்த்தோம். அவர்களுக்கும் புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை. "செஞ்சு பார்த்தா தெரிஞ்சிடும்" என்று அந்த அக்காதான் சொன்னார்.

அது எந்த ஊர்

தாய்லாந்தின் தலைநகர் பாங்காக். அதற்குத் தென்மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில், மேக்லோங் ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள ஊர் மேக்லோங். மாகாணத்தின் பெயர் சமுத் சோங்க்ராம். அந்த 'சமுத்' நம்ம சமுத்திரம் என்ற சொல்தான். உப்பளமும் மீன்பிடியும் உள்ள கடற்கரைப் பக்கம். அந்த ஊர் மீன் ரொம்பப் பிரசித்தி. நம்ம காணாங்கெளுத்திக்கு நெருங்கிய சொந்தம். சின்ன மூங்கில் கூடையில் அடங்கணும் என்பதற்காக மீனின் தலையை மடக்கி அடுக்குவார்கள்.

ரயில் நிலையத்துக்கு முன்னால், தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் சந்தை நடக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'தலாத் ரோம் ஹுப்'. தலாத் என்றால் சந்தை, ரோம் என்றால் குடை, ஹுப் என்றால் மடக்கு. குடை மடக்கும் சந்தை. ரயில் ஒரு நாளைக்கு நாலு தடவை வருகிறது, நாலு தடவை திரும்புகிறது. ஆக எட்டு முறை குடை மடக்க வேண்டும். சந்தைக்குள் ரயில் நடக்கிற வேகத்தில்தான் வரும். 2015-இல் பாதையைப் புதுப்பிக்க ரயிலை நிறுத்தி, 2016-இல் திரும்ப ஓட்டினார்கள். இப்போது பல நாட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க அங்கே போகிறார்கள்.

அந்தத் தண்டவாளம் மீட்டர் கேஜ். இரண்டு கம்பிக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். நம்ம பக்கம் முன்னாடி ஓடின சின்ன ரயில் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அதே அகலம். இப்போது நம்ம ஊரில் பெரும்பாலும் அகலப் பாதை ஆகிவிட்டது, அது 1,676 மில்லிமீட்டர். மேக்லோங் பாதை இன்னும் மீட்டர் கேஜ்தான். எங்களுக்கு உறுதியாகத் தெரிந்த முதல் அளவு அது. மற்றதெல்லாம் அதில் இருந்துதான் பிடித்தோம்.

ஒரு மீட்டருக்கு நாலு சென்டிமீட்டர்

கிடைத்த பலகை நாலு அடிக்கு இரண்டடி. அதாவது 120 சென்டிமீட்டருக்கு 60. நிஜத்தில் ஒரு மீட்டர் இருப்பதை இங்கே நாலு சென்டிமீட்டராகச் செய்வது என்று முடிவு பண்ணினோம். அதாவது இருபத்தைந்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் நம்ம பலகையில் 30 மீட்டர் நீளச் சந்தை அடங்கும். மொத்தச் சந்தையும் வராது, ஒரு துண்டு வரும். அது போதும்.

இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டதும் பள்ளிக்கூடம் போகாத அக்காக்கள் எங்களை முந்திவிட்டார்கள். ஆள் உயரம் 150 சென்டிமீட்டர் என்றால் பொம்மை 6 சென்டிமீட்டர். பந்தல் கால் இரண்டு மீட்டர் என்றால் 8 சென்டிமீட்டர். ஸ்கேலில் எண் படிக்கத் தெரியாத ஒரு அம்மா, ஊதுவத்திக் குச்சியில் நாலு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டார்கள். "இது ஒரு மீட்டர், இது ரெண்டு மீட்டர்" என்று அதை வைத்தே எல்லாவற்றையும் அளந்தார்கள்.

எதை எதாகச் செய்தோம் என்று கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

தண்டவாளக் கம்பி: கிழிந்த குடையின் கம்பி. குடை மடக்கும் சந்தைக்குக் குடைக் கம்பியே தண்டவாளம் ஆனது. நாங்கள் திட்டம் போட்டுச் செய்யவில்லை, கையில் கிடைத்தது அதுதான்.

கம்பிக்கு அடியில் இருக்கும் ஸ்லீப்பர் கட்டை: ஐஸ் குச்சியை 8 சென்டிமீட்டராக வெட்டி, இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக 48 குச்சி.

ஜல்லி: கருங்கல் தூளை மாவுச் சல்லடையில் சலித்து, ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஊற்றி ஒட்டினோம்.

கடைச் சுவர்: பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. தகரக் கூரைக்கு அட்டைப்பெட்டியின் மேல் தாளை உரித்தால் உள்ளே வரிவரியாக இருக்கும், அதேதான்.

பந்தல் துணி: பழைய லைனிங் துணியை டீத்தூள் டிகாஷனில் நனைத்துக் காய வைத்தோம். வெயிலில் கிடந்த துணி நிறம் வந்துவிட்டது.

காய்கறியில்தான் சண்டையே வந்தது. தக்காளிக்கு ஒருவர் மிளகை எடுத்து வந்தார். மிளகு 5 மில்லிமீட்டர். இருபத்தைந்து மடங்கு போட்டால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். "இது தக்காளி இல்ல, தேங்காய்" என்று எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் கடுகைப் பார்த்தோம். 2 மில்லிமீட்டர், 25 மடங்கு 5 சென்டிமீட்டர். சிவப்பு அடித்தால் தக்காளி, பச்சை அடித்தால் எலுமிச்சை. கசகசா சின்ன வெங்காயம் ஆனது. மல்லி விதை முட்டைக்கோஸ் ஆனது. மீனுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது மீன் அக்கா மடியில் இருந்து ஒரு நெல் மணியை எடுத்து வைத்தார். 8 மில்லிமீட்டர், நிஜத்தில் 20 சென்டிமீட்டர். வெள்ளி பெயிண்ட் அடித்ததும் மீனேதான்.

பொம்மைகள் களிமண். முதலில் செய்த பொம்மைக்கு ஒரு அக்கா சேலை கட்டி பூவும் வைத்துவிட்டார்கள். "அது அவங்க சந்தை, அவங்க உடுப்புல இருக்கட்டும்" என்று பேசி, சட்டையும் பேண்ட்டும் முன்னால் ஒரு துணியும் போட்டோம்.

மொத்தச் செலவு: பழைய பிளைவுட் 250 ரூபாய், ஃபெவிகால் 110, பெயிண்ட் 160, ஐஸ் குச்சி 40, கம்பி, நூல், அட்டை 80. கூட்டினால் 640 ரூபாய். தீர்மான நோட்டில் எழுதி, பொது நிதியில் இருந்து எடுத்தோம்.

ரயில் இடித்த நாள்

ரயில் பெட்டி ஒன்று சுமார் 20 மீட்டர் நீளம் என்றால் இங்கே 80 சென்டிமீட்டர் வரும். பலகை முழுக்க அதுவே அடைத்துக்கொள்ளும். அதனால் பெட்டியின் முன்பாதி மட்டும் செய்தோம். தண்ணீர் பாட்டில் மூடிதான் சக்கரம். மூடியின் உட்பக்கம் கொஞ்சம் பெரிய அட்டை வட்டம் ஒட்டினோம். நிஜ ரயில் சக்கரத்திலும் உட்பக்கம் அப்படி ஒரு விளிம்பு உண்டு, அதுதான் சக்கரம் கம்பியை விட்டு விலகாமல் பிடிக்கிறது.

மூன்றாவது சனிக்கிழமை. பந்தலையெல்லாம் மடக்கி வைத்துவிட்டு ரயிலைத் தள்ளினோம். இடது பக்கம் ஆறு பந்தலும் சரிந்து விழுந்தன. ரெண்டு வார வேலை. அந்தப் பக்கம் ஒட்டின அக்காவுக்குக் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. "கம்பியை விட்டு ரெண்டு சென்டிமீட்டர் தள்ளித்தானே ஒட்டினேன், என் மேல என்ன தப்பு?" என்று கேட்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. சொல்லிக்கொடுத்த எங்கள் மேல்தான் தப்பு.

தண்டவாளத்தின் அகலம் வேறு, ரயிலின் அகலம் வேறு. கம்பிக்கு நடுவே ஒரு மீட்டர்தான். ஆனால் மேலே போகும் பெட்டியின் அகலம் 2 மீட்டர் 80 சென்டிமீட்டர் என்று எடுத்திருந்தோம். கழித்துப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 90 சென்டிமீட்டர் கம்பியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நம்ம பலகையில் அது 3.6 சென்டிமீட்டர். ரெண்டு சென்டிமீட்டரில் பந்தல் வைத்தால் இடிக்காமல் என்ன செய்யும்?

சாக்பீஸால் இரண்டு பக்கமும் 4 சென்டிமீட்டரில் கோடு போட்டு, எல்லாவற்றையும் மறுபடி ஒட்டினோம். ரயிலை விட்டோம். ஒரே ஒரு பந்தல் கால் கோட்டைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் உள்ளே நின்றது. நிஜக் கணக்கில் 25 சென்டிமீட்டர், ஒரு சாண்தான். ரயில் அதில் பட்டது. பட்ட பந்தல் மட்டும் விழவில்லை. துணியைச் சேர்த்துத் தைத்திருந்ததால் பக்கத்துப் பந்தலையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உள்கடன் தவணை ஒருத்தி கட்டாவிட்டால் அடுத்தவள் கடன் நிற்பது நமக்குத் தெரியாதா?

மீன் அக்காவின் கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. வீடியோவில் தண்டவாளத்தை ஒட்டிச் சில காய்கறிகளை எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள், ரயில் அதற்கு மேலேயே போகிறது. ஏன் நசுங்கவில்லை? பெட்டியின் அடிப்பாகம் தரையில் இருந்து உயரத்தில் இருக்கிறது. காய்கறித் தட்டு தாழ்வாக இருக்கிறது. சக்கரம் படாத இடத்தில், பெட்டி தொடாத உயரத்தில் வைத்திருக்கிறார்கள். உயரமாக இருக்கும் தட்டுகளுக்கு அடியில் சின்னச் சக்கரம் வைத்து, உள்ளே தள்ளிவிடுகிறார்கள்.

பார்த்தீங்களா, இடம்னா நீளம் அகலம் மட்டும்னு நினைச்சோம். உயரமும் ஒரு அளவு. நாலாவது அளவு நேரம். ரயில் வரும் அந்தச் சில நிமிஷம் அந்த இடம் ரயிலுக்கு, மற்ற நேரம் கடைக்கு. இந்த நாலு அளவும் அந்தச் சந்தையில் ஒவ்வொரு கடைக்காரருக்கும் கையோடு வரும். அதனால்தான் ஒரு கூடைகூடச் சாயவில்லை.

ஒரு எச்சரிக்கை

"அப்போ நாமளும் தண்டவாளத்துல கடை போடலாமா?" என்று ஒரு தங்கை கேட்டாள். கூடவே கூடாது. அங்கே ரயில் நடை வேகத்தில் வருகிறது, எத்தனை மணிக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி இருந்தும் அது ஆபத்தான பிழைப்புதான். வேறு இடம் இருந்தால் யார் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கடையை மடக்குவார்கள்? நம்ம ஊரில் ரயில் வரும் வேகம் உங்களுக்கே தெரியும். அனுமதி இல்லாமல் ரயில் பாதையில் நுழைவது 1989-ஆம் வருட ரயில்வே சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு.

டவுனில் கடை போடும் நமக்கு 2014-இல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. அது ரயில்வே இடத்துக்குச் செல்லாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மற்ற தெருக்களுக்குச் செல்லும். அதில் மூன்று விஷயத்தை நினைவில் வையுங்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை, ஏற்கெனவே வியாபாரம் செய்பவரை அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். ஊரில் அமைக்கும் விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அந்தப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

சட்டம் இவ்வளவு சொல்லியிருக்கு. அந்தக் குழுவில் போய் உட்கார்ந்து, "ஓரமா போதும்"னு சொன்னா என்ன ஆகும்? மற்றவர்கள் ஆறடி, எட்டடி என்று எழுதிவிட்டுப் போவார்கள். நமக்கு மிஞ்சுவது ஓரம்தான்.

அக்கா அளந்தது

ஐந்தாவது சனிக்கிழமை பலகை முடிந்தது. மறுநாள் காலை மீன் அக்கா டேப் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தன் கடையை அளந்தார். இரண்டு கூடை, வெட்டுப் பலகை, தண்ணீர் வாளி, உட்கார மணை, வாங்க வருபவர் குனிந்து பார்க்க இடம். நீளம் ஐந்து அடி, அகலம் நாலு அடி, குடை உயரம் ஆறு அடி, நேரம் காலை ஆறு மணி முதல் பதினொரு மணி வரை. பதினொரு மணிக்கு அப்புறம் அதே இடத்தில் வேர்க்கடலைக்காரப் பெண் உட்காரலாம் என்று அவளிடமும் பேசி எழுதினார்.

"பதினாலு வருஷமா உக்காந்த இடம். இன்னைக்குத்தான் அது எவ்வளவுன்னு தெரிஞ்சுது" என்று சொன்னார்.

அந்த ரோட்டில் கடை போடும் நம் உறுப்பினர்கள் பதினோரு பேரும் அதே மாதிரி அளந்து, எல்லா அளவையும் ஒரே தாளில் எழுதி மனுவோடு கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. இடம் உறுதியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டோம். மனுவை வாங்கியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரும்மா அளந்தது?" என்று கேட்டார். பதினோரு பேரும், "நாங்கதான் சார்" என்றார்கள். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

உங்கள் குழுவில் செய்ய வேண்டியது

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு எழுதி முடித்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தெருவில் கடை போடுபவர்கள் கடையை அளக்கட்டும். ஆடு வளர்ப்பவர்கள் கொட்டகையை அளக்கட்டும். தையல் போடுபவர்கள் மெஷின் வைத்திருக்கும் மூலையை அளக்கட்டும். நீளம், அகலம், உயரம், நேரம் நாலையும் நோட்டில் எழுதுங்கள். பிறகு ஒரு அட்டையில் மீட்டருக்கு நாலு சென்டிமீட்டர் கணக்கில் அதை வரைந்து, தீப்பெட்டி, கடுகு, குச்சி எது கிடைக்கிறதோ அதை வைத்துப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பலகையில் இடித்தால் ஃபெவிகாலோடு போகும். நிஜத்தில் இடித்தால் கூடை போகும்.

இந்தப் பலகை இந்த மாதம் முழுக்க கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கும். பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. ரயிலைத் தள்ளிப் பார்க்கலாம், ஆனா முதல்ல பந்தலை மடக்கணும். மறந்தீங்கன்னா மறுபடி ஒட்டிக் கொடுக்கிறது உங்க வேலை!

இனிமேல் யாராவது வந்து எவ்வளவு இடம் வேணும்மா என்று கேட்டால், எத்தனை அடி என்று சொல்லுங்கள்.